குறுக்கே வைத்த கால்

என் மனைவி மங்கையின் நோய் எங்கள் வீட்டு அடுக்களை நிலைப்படியில்தான் முதன்முதலாகத் தெரிந்தது. காபி டம்ளருடன் வந்தவள் படியின் முன் நின்றுவிட்டாள். தடுக்கும் பொருள் எதுவும் அங்கே இல்லை.

"என்ன, நின்னுட்டே?" என்றேன்.

"காலு வர மாட்டேங்கு. நீங்க முன்ன போங்க, நான் வாரேன்."

காபி ஆறிய பிறகும் அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

திருநெல்வேலியில் நரம்பியல் மருத்துவர் அதற்குப் பார்க்கின்சன் நோய் (அசைவை ஒழுங்குபடுத்தும் மூளைச் செல்கள் சிறிது சிறிதாகக் குறையும் நோய்) என்று பெயர் சொன்னார். வாசற்படி, திருப்பம், குறுகலான இடம் ஆகியவற்றின் முன் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவதை 'உறைதல்' என்றார். காலில் வலு இருக்கிறது. கிளம்பு என்னும் கட்டளைதான் வந்து சேர்வதில்லை. கண் முன்னே தாண்டுவதற்கென்று ஒன்று இருந்தால் மூளை வேறொரு வழியில் அந்தக் கட்டளையை அனுப்பிவிடும்.

"உங்க காலையே குறுக்கே வையுங்க சார். தாண்டி வந்துருவாங்க."

வைத்தேன். மங்கை தாண்டினாள். தாண்டிய மறுகணமே என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்து, நிலைகுலைந்து, என் மேலேயே சாய்ந்தாள்.

"புருசன் காலத் தாண்டிட்டு சும்மா போகச் சொல்லுதீகளா?"

மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தாண்டலாம், கும்பிடக் கூடாது" என்று உத்தரவிட்டார். மங்கை அந்த உத்தரவை ஏற்கவில்லை. முடிவில், ஆலங்குளத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அவள் தம்பி சுப்பையா, ஒரு மூங்கில் கம்புக்கு மஞ்சள் அடித்துக் கொண்டுவந்தான்.

"இந்தாக்கா. இதத் தாண்டுனா ஒரு பாவமும் கெடையாது."

"ஏலே, பெயிண்ட் காஞ்சிட்டா? எஞ்சேலைல ஒட்டுச்சி, ஒன்னையத் தாண்ட வச்சிருவேன்."

இதைப் படிக்கும் பராமரிப்பாளர்களுக்கு ஒன்று சொல்லலாம். மருத்துவர் தரும் உத்தி சரியாகவே இருக்கும். ஆனால் அது நோயாளியின் மனம் ஒப்பும் உருவத்தில் வந்து சேர வேண்டும். எங்கள் வீட்டில் அது மஞ்சள் கம்பாக வந்தது. அதை ஏந்தியபடி நான் அவளுக்கு முன்னால் சில ஆண்டுகள் நடந்தேன்.

எங்கள் வீடு தென்காசியில் இருக்கிறது. படுக்கையறைச் சன்னல் மேற்கே பார்க்கும். நடமாட்டம் நின்ற பிறகு மங்கை குற்றால மலையைப் பார்த்தபடி கிடந்தாள். "அந்தக் கடைசி உச்சில நின்னு பாத்தா நம்ம வீடு தெரியுமோ?" என்று ஒருநாள் கேட்டாள். இயற்பியல் கற்பித்தவன் என்பதால் தொலைவு, கோணம் என்று ஏதோ விளக்கினேன். "தெரியுமா, தெரியாதா? அதச் சொல்லுங்க" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

ஒரு சாரல் காலத்தில், விழுங்கும் திறன் குறைந்து, நுரையீரலில் தொற்று ஏற்பட்டு அவள் இறந்தாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை (பந்துமுனையை நீக்கி உலோக மூட்டுப் பொருத்துவது) நடந்தது. சில மாதங்களுக்கு இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது என்றார்கள். அந்தத் தடை பின்னர் நீக்கப்பட்டது. என் உடல்தான் அதை நீக்கவில்லை. கீழே விழுந்த செய்தித்தாளைக் குனியாமல் நீண்ட இடுக்கி கொண்டு எடுத்தேன். தெருமுனை வரை போய்த் திரும்பினேன்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூட்டு நல்லா இருக்கு சார். நீங்கதான் இன்னும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கீங்க."

மலைமுகட்டு நடையை முன்மொழிந்தவன் சுப்பையா. "அக்கா ஒரு கேள்வி கேட்டாள்லா. போயிப் பாத்துட்டு வந்துருவோம் அத்தான்." மருத்துவர் தயங்கி, பயிற்சிக்குப் பிறகு ஒப்புக்கொண்டார். ஐந்தருவிச் சாலையின் ஏற்றத்தில் பல வாரம் நடந்து பழகினேன்.

மாசியில், வனத்துறை அனுமதியுடன், இசக்கி என்னும் வனக் காவலர் முன்செல்ல, மங்கையின் மஞ்சள் கம்பை நான் ஊன்றிக்கொள்ள, விடியலில் ஏறத் தொடங்கினோம். குற்றால மலைக்கு வழங்கும் திரிகூடம் என்னும் பெயர் மூன்று முகடுகளைச் சொல்கிறது. நடந்தவனுக்கு அவை ஐந்து. சோலைக்காடு முடிந்து புல் தொடங்கியதும், செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. முதல் முகடு மூச்சைக் கேட்டது. இரண்டாவது முழங்காலைக் கேட்டது. மூன்றாவதன் உச்சியில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் உண்டோம். மனம் நிறைவாக இருந்தது.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே பாதை ஒரு பாறைக் கழுத்தாகக் குறுகுகிறது. அபாயமான இடமன்று. இருபுறமும் சரிவு, அவ்வளவே. அதன் தொடக்கத்தில் என் கால் நின்றுவிட்டது. எலும்பில் வலி இல்லை. கால் வரவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம். போனால், இனி இந்தக் காலை ஒருபோதும் நம்பமாட்டேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இசக்கி பாறையின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். "சார், யானை வந்தா ஓடுவீகளா, இப்பிடியேதான் நிப்பீகளா?"

சுப்பையா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். "அத்தான், அக்கா மாதிரி நிக்கீகளே."

என்னைச் சுற்றி முன்னால் வந்து, தன் வலது காலைப் பாதையின் குறுக்கே வைத்தான்.

"தாண்டுங்க."

"கம்பு..." என்றேன்.

"கம்ப நீங்கல்லா ஊணிக்கிட்டு நிக்கீக. கால்தான் இருக்கு. தாண்டுங்க."

இத்தனை ஆண்டுகள் வெளியிலிருந்து பார்த்ததை அன்று உள்ளிருந்து அறிந்தேன். கால் கனக்கவில்லை, அது என்னுடையதாக இல்லை. மண் அப்பிய அந்தக் காலணியைப் பார்த்ததும் சரிவும் காற்றும் விலகின. தாண்ட வேண்டியது அது ஒன்றுதான். தாண்டினேன். அடுத்த அடி தானாக வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பாறை முடியும் இடத்தில் சுப்பையா முந்திக்கொண்டு போய், புல்லில் நின்று மறுபடி காலை நீட்டினான். தேவையில்லை. விளையாட்டுக்காகவே வைத்தான். அதையும் தாண்டினேன். தாண்டியதும் என் கை தானாகக் கீழே போய் அவன் காலைத் தொட்டுக் கண்ணுக்கு வந்தது.

"ஐயையோ அத்தான்! மூத்தவுக கும்பிட்டா நான் வெளங்குவனா?" என்று அவன் துள்ளி விலகினான்.

நான் இன்னும் குனிந்தபடியே இருந்தேன். செங்கோணத்தை எப்போதோ கடந்திருந்தேன். புல்லின் மணம் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது.

கடைசி முகட்டிலிருந்து கிழக்கே தென்காசிக் கோபுரம் தெரிந்தது. இலத்தூர்க் குளமும், வெகுதொலைவில் காற்றாலைகளும் தெரிந்தன. வீடு தெரியவில்லை.

"தெரியலன்னு சொன்னா அக்கா நம்ப மாட்டா. கண்ணாடியத் தொடைச்சிட்டுப் பாருங்கன்னு சொல்லுவா," என்றான் சுப்பையா.

துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. இருவரும் வெகுநேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது செய்தித்தாளைக் கையாலேயே எடுக்கிறேன். உடலை முன்போல எனக்குக் கீழ்ப்படியும் பொருளாக எண்ணுவதில்லை. அழைத்தால் வரும், சில வேளை காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக் கடப்பதும் அப்படித்தான். முழுதாகப் பார்த்தால் கடக்க முடியாததாகத் தோன்றுவது, முன்னால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் கடந்துபோகிறது.

அடுக்களை நிலைப்படியில் இன்றும் ஒரு கணம் நிற்கிறேன். பிறகு, ஒன்றுமில்லாத இடத்தில் காலைச் சற்றே உயர்த்தி, தாண்டி உள்ளே போகிறேன்.