சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்வி

எங்கள் கல்லூரி முதல்வரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. வகுப்பு நடக்கும்போது வராந்தாவில் நின்று ஒட்டுக்கேட்பார். வாத்தியார் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை விழுந்தால் போதும், சாயங்காலம் அறைக்குக் கூப்பிட்டு மானத்தை வாங்கிவிடுவார். எண்பதுகளின் தொடக்கத்தில் தாவரவியல் நடத்த ஏற்காட்டுக்கு வந்த எனக்கு, அவர் பேசும் இங்கிலீஷே பாதி விளங்காது.

வேலை நிரந்தரமாக, அவர் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் இங்கிலீஷில் கேட்க, நான் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்த பிள்ளைகள் எங்கே கேட்பது? முந்தின நாளே கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுவோம். எல்லா வாத்தியார்களும் செய்ததுதான். முதல்வருக்கும் தெரியும். தெரிந்தேதான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டுவார்.

அன்றைக்குப் பாடம், காப்பிச் செடியின் தண்டைத் துளைக்கும் வண்டு. எஸ்டேட்டில் அதற்குப் போரர் என்று பெயர். மூன்று பேர் பிசகாமல் ஒப்பித்தார்கள். நாலாவதாக எழுந்தவள், சேர்வராயன் கோயில் பக்கம் கொஞ்சம் காப்பி வைத்திருந்த விவசாயியின் மகள். சீட்டைக் கையில் மடக்கிக்கொண்டு தமிழில் கேட்டாள்.

"ஏனுங்க சார், எங்க காட்டுல பாதிச் செடி போரர் உழுந்து பட்டுப்போச்சுங்க. மிச்சத்தையும் புடுங்கிறதுங்களா, உட்டு வெச்சாப் பொழைக்குமுங்களா? எங்கப்பா கேட்டுட்டு வரச் சொன்னாருங்க."

எனக்குத் தெரியாது. வண்டின் லத்தீன் பெயர் தெரியும், அதன் புழு எப்படி வளரும் என்று தெரியும். செடியைப் பிடுங்குவதா வேண்டாமா என்று என் நோட்ஸில் இல்லை. முதல்வர் பேனாவைத் திறந்தார். இங்கிலீஷில் கேட்க முடியாவிட்டால் உட்கார் என்று இங்கிலீஷிலேயே அதட்டினேன். அவள் உட்காரவில்லை. சீட்டைப் பிரித்து, நான் எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். நான் பதிலைப் பொழிந்து தள்ளினேன். முதல்வர் எழுந்து வந்து கைகொடுத்தார்.

வெளியே வந்தபோது படியருகே நின்றிருந்தாள்.

"பாஸாயிட்டீங்களாங்க சார்?"

முகத்தில் மரியாதை மருந்துக்கும் இல்லை. ஓங்கி ஓர் அறை விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆமாம் என்றேன்.

"அப்ப இப்பவாச்சும் சொல்லுங்க. செடியப் புடுங்கறதுங்களா, வேண்டாமுங்களா?"