ஐந்தாவது போர்டு எழுந்த மதியம்

நான் பொறுமைசாலி இல்லை. ஒரு போர்டு வேலை செய்யவில்லை என்றால் முதலில் போர்டைத் திட்டுவேன், அடுத்து அதன் பக்கத்தில் நிற்கும் ஆளை. என்னைச் சந்தேகப்படுவது எப்போதும் கடைசியில்தான்.

எங்கள் அலுவலகம் லிட்டில் இந்தியாவில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில். போர்டுகள் இருப்பதோ தீவின் மேற்குக் கோடியில், துவாஸ் தொழிற்பேட்டையில், எண்ணெய்த் தொட்டிகளின் உச்சியில். உள்ளங்கை அளவுக் கணினிகள். தொட்டியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவற்றின் வேலை. நிரலில் ஒரு வரி மாறினாலும் அங்கே வேலை செய்யும், நான் அண்ணன் என்று கூப்பிடும் ஊழியர் வெயிலில் ஏணி ஏறி, மெமரி கார்டை மாற்ற வேண்டும். அந்தப் பாட்டை ஒழிக்கத்தான் கார்டையே எடுத்துவிட்டேன். மின்சாரம் வந்ததும் போர்டே நெட்வொர்க் வழியாக எங்கள் சர்வரைக் கூப்பிட்டு நிரலை வாங்கிக்கொள்ளும்.

அண்ணன் ராமநாதபுரத்துக்காரர். மறுநாள் காலை அவருக்கு விமானம். இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போகிறார். ஐந்து போர்டையும் ஒப்படைத்தால்தான் லீவு என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லியிருந்தார்.

நான்கு எழுந்துவிட்டன. ஐந்தாவதில் பச்சை விளக்கு வரவே இல்லை.

"கேபிளச் சரியாச் சொருகினீங்களாண்ணே?" என்று போனில் எரிந்து விழுந்தேன்.

"மூணு தடவ ஏறிப் பாத்துட்டேன் மேடம். அஞ்சு மணிக்கு எங்களத் தங்குமிடத்துக்குக் கூட்டிட்டுப் போற லாரி வந்துரும்."

"இன்னொரு தடவ பாருங்க."

நாலாவது தடவையாக ஏறப் போனார்.

சும்மா உட்கார முடியாமல் சர்வருக்கு வரும் கேள்விகளெல்லாம் பதிவாகும் லாக்கைத் திறந்தேன். திரை முழுக்க ஒரே வரி. 'இது என் முகவரி, நான் என்ன செய்யவேண்டும்?' என்று ஒரு போர்டு சில நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுதிவைத்த பட்டியலில் உள்ள முகவரிகளுக்கு மட்டும்தான் எங்கள் சர்வர் வாய் திறக்கும். இந்த முகவரி பட்டியலில் இல்லை. போர்டின் முகவரியில் 44 என்று வரும் இடத்தில், பட்டியலில் நான் 24 என்று எழுதி வைத்திருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. காலையில் அண்ணன் போர்டில் ஒட்டியிருந்த முகவரியைப் போனில் படித்தபோது "ரெண்டு நாலு" என்றார். அவர் சொன்னது இரண்டு முறை நாலு. நான் எழுதியது ரெண்டு, பிறகு நாலு.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அந்தப் போர்டுக்குள் நினைவு என்று எதுவும் கிடையாது. பன்னிரண்டு எழுத்தில் தன் முகவரி மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு, தீவின் மறுகோடியில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல், காலையிலிருந்து கொஞ்சமும் சலிக்காமல் கேட்டிருக்கிறது. இதை அமைத்தவள் நான்தான்; ஆனாலும் அந்த வரி இன்னொரு முறை வருவதைப் பார்த்துவிட்டுத்தான் பட்டியலைத் திறந்தேன்.

ஓர் எண்ணைத் திருத்தினேன். கேள்வி மறுபடி வந்தது. சர்வர் பதில் சொன்னது. நிரல் கிளம்பிப் போனது.

"மேடம்! பச்ச வந்துருச்சு! நான் இன்னும் கையே வைக்கல!"

"தப்பு என்னுதுண்ணே. உங்கள வீணா ஏற வச்சுட்டேன், மன்னிச்சிருங்க. அது காலையில இருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு. நான்தான் பதில் சொல்லல."

தொட்டி உச்சியில் காற்று இரைவது போனில் கேட்டது. அவர் கோபப்படவில்லை.

"எம் மகளும் அப்படித்தான் மேடம். போன எடுத்தா 'எப்பப்பா வருவ'ன்னுதான் கேப்பா. ரெண்டு வருசமா நானும் வேற பேச்சு பேசிச் சமாளிச்சேன்" என்றார். "இருங்க, வச்சிர்றேன். இன்னிக்கு அவளுக்குப் பதில் சொல்லிரணும்."