லாலாகுடாவில் விளைந்த மரச்சீனி

அலுவலக கேண்டீனில் அவித்த மரவள்ளியின், எங்கள் ஊர் மரச்சீனிக் கிழங்கின், ஆவி முகத்தில் பட்டதும், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் சிறுமியாக நின்றேன்.

நாகர்கோவிலிலிருந்து வந்த புதிதில் அம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது. யாரோடும் பேசாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். அரிசி இல்லாத நாட்களில் எங்கள் ஊருக்கே சோறான அந்தக் கிழங்கின் கம்புகளை அப்பா கொண்டுவந்து கொல்லையில் நட்டார். பிடுங்கிய அன்று அம்மா பானை நிறைய அவித்து, மீன்குழம்பும் வைத்தாள். வாசனைக்கு எட்டிப்பார்த்த பக்கத்துவீட்டு யாதம்மாவிடம் தட்டை நீட்டினாள். அவர் தின்றுவிட்டு லைன் வீடுகளையெல்லாம் கூப்பிட்டார். பானை காலியானது.

"மள்ளி எப்புடு?" மறுபடி எப்போது என்று யாதம்மா கேட்டார்.

"ரேப்பு," என்றாள் அம்மா. பால்காரரிடம் கற்ற சொல்.

"நாளைக்கா? கொல்லையில ஒரு கிழங்கு மிச்சமில்லியேட்டி!" என்றார் அப்பா.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாதம்மாவும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். மறுநாள் அம்மா வெறுங்கையோடு யாதம்மா வீட்டுக்குப் போனாள்; மத்தியானம்வரை திரும்பவில்லை.