சக்கரத்துக்கடியில் ஏழு முட்டைகள்

பெண் பார்க்க வந்தபோது அவர் என் அப்பாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சேலையூர்ல கேம்ப் ரோட்டுப் பக்கம் மனை இருக்கு சார். வீடும் சொந்தம்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மனை இருந்தது. வீடும் சொந்தம்தான். அந்த வீட்டுக்கு இரண்டு சக்கரம் இருந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. வீட்டுக்குச் சக்கரம் உண்டா என்று மாப்பிள்ளையிடம் யார்தான் கேட்பார்கள்?

அது அறுபதுகளின் நடுவில். பொங்கல் கழிந்து கல்யாணம். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி ஜட்காவில் வந்து நின்றபோது, முள்வேலிக்கு நடுவே ஒரு மரப் பெட்டி நின்றது. வளைந்த கூரை, பச்சை பெயிண்ட், கண்ணாடி ஜன்னல் நான்கு. யுத்த காலத்தில் இங்கே இருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் காருக்குப் பின்னால் பூட்டி ஊர் ஊராக இழுத்துப் போன கேரவனாம். அவர் கப்பலேறியதும் பல கை மாறி, கடைசியில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் கைக்கு வந்திருக்கிறது. சுவரிலிருந்து இறங்கும் மேஜை, மேஜையை மடித்தால் கட்டில், கட்டிலுக்கு அடியில் அலமாரி. அலமாரிக்குள் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி. வாசலில் இரண்டு நாய்கள்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர், ஒன்றைப் பார்த்தால் அது இன்னதென்று சொல்லிவிட வேண்டும் எனக்கு. இது வீடா, வண்டியா? பக்கத்து மனையில் குடிசை போட்டு மாடும் கோழியும் வளர்த்த அக்கா முதல் நாளே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "இன்னா டீச்சரம்மா, வண்டியில குடித்தனம் பண்ண வந்துகீறியே, எந்த ஊருக்குப் போவுது இது?" ரேஷன் கார்டுக்கு எழுதிக்கொள்ள வந்தவர் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நீங்க வேற எங்கயாவது இழுத்துக்கினு போயிட்டா நான் யாரைத் தேடுறது?" என்று பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு போய்விட்டார். நியாயமான கேள்வி.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் துப்பாக்கியும் நாய்களுமாக மாடம்பாக்கம் ஏரிக்கு அப்பால் முட்காட்டுக்குப் போவார். வெயில் ஏறும்போது நாலைந்து கௌதாரிகளைக் காலோடு கால் சேர்த்துச் சணலில் கட்டி, தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கண்ணை மூடிக்கொண்டு உருகி ஜெபிப்பார். இதில் எது இவர்?

ஒருநாள் என்னையும் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய நாய் உடம்பெல்லாம் புள்ளி போட்ட கலப்பு ஜாதி. புதரில் பறவையின் வாடை வந்ததும் அப்படியே நின்றுவிடும். ஒரு முன்னங்கால் அந்தரத்தில், வால் விறைப்பாக, மூச்சு விடுகிறதா என்றே சந்தேகம் வரும். சின்ன நாய் நாட்டு நாய். விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வருவது அதன் வேலை. புதருக்குள் ஒரு கௌதாரி அசையாமல் உட்கார்ந்திருந்தது எனக்கே தெரிந்தது. இவர் சுடவில்லை.

"பக்கத்துலதானே இருக்கு, ஏன் சுடல?" என்றேன்.

"உட்கார்ந்திருக்கற பறவையச் சுடக்கூடாது. அது எழும்பணும். எழும்பினாதான் அதுக்கும் ஒரு சான்ஸ்."

கொல்வது என்று முடிவான பிறகு சான்ஸ் என்ன வேண்டிக் கிடக்கிறது? படிக்கிறது பைபிள், இடிக்கிறது கோயில் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் நாய் ஓரடி எடுத்து வைக்க, பறவை விர்ரென்று எழும்ப, இவர் குறி தவறி, அது ஏரிப் பக்கம் தப்பிப் போனபோது அவர் முகத்தில் ஏமாற்றமே இல்லை. குழப்பம் இன்னும் கூடியது.

ஈஸ்டருக்குச் செங்கல்பட்டிலிருந்து அப்பா வந்தார். கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். காற்றில்லாத டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லைத் தொட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை வெளியே போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னார். "மனை இருக்குன்னாரு, இருக்கு. மரியாதையான ஆளாவும் தெரியறாரு. ஆனா எம் பொண்ணு ஜட்கா ஸ்டாண்டுல குடியிருக்கறதை என்னால பாக்க முடியாது. இப்பவே பொட்டியக் கட்டு."

"கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுங்கப்பா. வீடு கட்ட ஆரம்பிச்சிடுவாரு."

"சரி. கிறிஸ்மஸுக்கு வருவேன். சுவரைப் பார்த்தா நான் மட்டும் திரும்பிப் போறேன். இல்லன்னா நீயும் என்கூட வர்ற."

தவணை கேட்டு வாங்கியது நான்தான். போக வேண்டும் என்றிருந்ததா, இருக்க வேண்டும் என்றிருந்ததா என்று என்னைக் கேட்டால் அன்றைக்கு எனக்கே தெரியாது. இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளாமல் போகவும் மனமில்லை, இருக்கவும் பயம். நாளை ஒரு குழந்தை பிறந்தால் இவர் கையில் நம்பிக் கொடுக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன்.

அவர் செங்கல் வாங்கிப் போட்டார். மேஸ்திரி வந்து கயிறு பிடித்து அளந்தார். குறுகிய மனை. கேரவன் நின்ற இடத்தில்தான் அஸ்திவாரம் வர வேண்டும், அதைக் கிணற்றோரம் தள்ளி நிறுத்த வேண்டும் என்றானது. அக்கா வீட்டுக்காரர் இரண்டு ஜோடி மாடு கொண்டுவந்து இழுத்துத் தருவதாகச் சொன்னார். ஆனி மாதத்தில் ஒரு நாளும் குறித்தாயிற்று.

அதற்கு இரண்டு நாள் முன்னால் பெரிய நாய் கேரவன் முன்னால் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கூப்பிட்டால் வரவில்லை. சோறு வைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தரையில் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். இடது சக்கரத்துக்குப் பின்னால், புல்லும் சருகும் குவிந்த இடத்தில் ஒரு பெட்டைக் கௌதாரி அடை உட்கார்ந்திருந்தது.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "மாடு வேணாம்னு சொல்லிடு" என்றார்.

"ஏங்க?"

"அது உட்கார்ந்திருக்குல்ல. பொரிச்சிட்டுப் போகட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கொத்தாகக் கட்டிக்கொண்டு வருகிற ஆள், ஒரு கௌதாரிக்காக வீட்டை நிறுத்துகிறார். மேஸ்திரி வேறு வேலை ஒத்துக்கொண்டால் மழைக்கு முன்னால் திரும்பி வரமாட்டார். மழை பிடித்தால் தை வரைக்கும் அஸ்திவாரம் கிடையாது. அப்பா கிறிஸ்மஸுக்கு வந்துவிடுவார். இதையெல்லாம் சொல்லிச் சத்தம் போட்டேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மாடு மட்டும் வேண்டாம் என்றார்.

மறுநாள் அவர் டியூட்டிக்குப் போனதும் அக்காவிடம் போனேன். அக்கா வீட்டில் ஒரு கோழி முட்டையே இல்லாமல் மூன்று நாளாகக் கூடையில் அடை கிடந்தது, தண்ணீர் தெளித்தாலும் எழவில்லை. வாத்து முட்டையைக் கோழிக்கு வைப்பது ஊரெல்லாம் உள்ள வழக்கம்தானே. நான் கேரவனுக்கு அடியில் முழங்கையால் ஊர்ந்து போனேன். பெட்டை கடைசி வரை உட்கார்ந்திருந்துவிட்டு என் முகத்தில் இறக்கை பட எழும்பிப் பறந்தது. ஏழு முட்டைகள், சூடாக இருந்தன. முந்தானையில் வைத்து எடுத்துப் போய்க் கோழிக்கு அடியில் தள்ளினேன். அது கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏழும் உடையாம எடுத்தியா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் வேலியோரம் பெட்டை கத்திக்கொண்டிருந்த பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறித்த நாளில் மாடு வந்தது. என் வீடு ஆடிக்கொண்டே முப்பதடி நகர்ந்து கிணற்றோரம் போய் நின்றது. உள்ளே ஒரு டம்ளர்கூட விழவில்லை.

ஏழும் பொரித்தன, அக்கா கோழியோடு கூடையை எங்கள் மனைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். கட்டைவிரல் அளவுக் குஞ்சுகள். அவற்றுக்குக் கரையான்தான் தீனி என்று அவர் ஓட்டைப் பானைக்குள் சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்துத் தண்ணீர் தெளித்து வேலியோரம் கவிழ்த்து வைப்பார். காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். டியூட்டிக்குப் போகிற அவசரத்திலும் குந்தி உட்கார்ந்து தட்டிக் கொட்டுவார். குஞ்சுகள் அவர் செருப்பின் மேல் ஏறி நின்று தின்னும். அக்கா வீட்டுக் கோழிக்குஞ்சோடு கலந்துவிடக் கூடாதென்று நான் என் சிவப்புப் புடவையின் ஓரத்தைக் கிழித்து ஒவ்வொன்றின் இடது காலிலும் கட்டிவிட்டேன். எல்லா வீட்டிலும் கோழிக்குச் செய்வதுதான்.

பெரிய நாய்தான் பாவம். காலையில் குஞ்சுகளைப் பார்த்ததும் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். யாரும் துப்பாக்கி எடுத்து வருவதில்லை. குஞ்சுகள் அதன் காலுக்கிடையில் நுழைந்து நுழைந்து போகும். அது என்ன செய்வதென்று தெரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்க்கும். அந்த வீட்டில் என்னைப் போலவே குழம்பிப் போனது அது ஒன்றுதான். சின்ன நாயின் வயிற்றோரம் குஞ்சுகள் படுத்துத் தூங்கும். பார்த்துப் பார்த்துச் சிரித்தோமே தவிர, அவற்றுக்கு நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

மழைக்கு முன்னால் அவை நன்றாகப் பறக்கத் தொடங்கின. காட்டில் விட்டுவிடலாம் என்றார். அக்கா தலையை ஆட்டினார். "வூட்டாண்ட வளந்தது காட்டுக்கு ஆவாது டீச்சரம்மா. நான் சொல்றத சொல்லிட்டேன்." அவர் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக மடியில் வைத்து என் சிவப்புக் கிழிசலைக் கத்தரித்தார். முள்ளில் மாட்டிக்கொண்டால் செத்துப்போகும் என்றார். கட்டிய இடத்தில் காலைச் சுற்றி வெளிறிய தடம் ஒன்று இருந்தது. ஏரிக்கு அப்பால் ஏழையும் விட்டுவிட்டு வந்தோம். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அழுதேன். இவர் நாலடிக்கு ஒருமுறை நின்று ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு இவரைப் புரிந்துவிட்டது போல இருந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அப்பா வந்தார். சுவர் ஜன்னல் உயரத்துக்குத்தான் எழும்பியிருந்தது, மழையில் பாசி பிடித்திருந்தது. "சுவர்னா இதுவும் சுவர்தான்" என்று சொன்னாரே தவிர, முகத்தில் தெளிவில்லை. காலையில் நான் என்ன சொல்கிறேனோ அதன்படி என்றார்.

மாமனாருக்குக் கௌதாரிக் குழம்பு வைக்க வேண்டும் என்று கிறிஸ்மஸ் அன்று இருட்டோடு எழுந்து போன இவர், ஆலய மணி அடிப்பதற்கு முன்பே திரும்பிவிட்டார். இரண்டே பறவை. சணலில் கட்டியது கட்டியபடி என் கையில் கொடுத்தார்.

"ஒண்ணு சரியாத்தான் எழும்பிச்சு. இன்னொண்ணு... நாய் கிட்டப் போயும் எழும்பல. நாயப் பார்த்து நடந்து வந்துச்சு. சின்னது குலைச்சதும் இடுப்பு உயரந்தான் பறந்துச்சு. பழக்கத்துல கை போயிடுச்சு." துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "நீ காலப் பாரு. நான் பாக்கல. பாத்துட்டுச் சொல்லு."

நான் கிணற்றடிக்குப் போய்ச் சணலை அவிழ்த்தேன். ஒன்றின் இடது காலைச் சுற்றி வெளிறிய தடம் இருந்தது. என் புடவை அழுத்திய தடமா, இப்போது சணல் இறுக்கிய தடமா? தேய்த்துப் பார்த்தேன், தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன், வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மற்றதன் காலோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். அதிலும் ஏதோ இருந்த மாதிரிதான் இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். பாதிச் சுவரில் சாய்ந்து நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மளது இல்லங்க" என்றேன்.

அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

குழம்பு வைத்தேன். அப்பா ருசித்துச் சாப்பிட்டார். நடுவில் பல்லில் ஒரு துப்பாக்கி ரவை கடிபட்டு, எடுத்துத் தட்டில் போட்டார். இவர் பல்வலி என்று சோறும் மோரும் சாப்பிட்டார். நானும் மோர்தான் ஊற்றிக்கொண்டேன். கை கழுவியபின் அப்பா என் துணிப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் வரலப்பா" என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: ஒருவரைக் காப்பாற்றப் பொய் சொன்னபிறகு அவரை விட்டுவிட்டுப் போக முடியாது. அவர் நல்லவரா என்று அப்போதும் எனக்குத் தெரியாது. போகமாட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

தை பிறந்ததும் துப்பாக்கி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சித்திரையில் வீட்டுக்குக் கூரை ஏறியது. எழுபதுகளில் வேட்டையைக் கட்டுப்படுத்திச் சட்டம் வந்தபோது, பேப்பரைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். அந்தக் கிறிஸ்மஸைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

அவர் போய்ச் சில வருஷம் ஆன பிறகு, கடையில் வாங்கிய முருங்கைக்காய்க் கட்டிலிருந்து சணலை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குப் பறவைகளைக் காலோடு கால் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். காலைப் பார்க்காமல் எப்படிக் கட்டியிருப்பார்?