செய்தி நேரத்தில் சாயும் தலை

பெட்டியைக் கவிழ்த்து வைத்த கைகள் ஈயம் வைத்த ஒவ்வொரு இடத்தையும் ஊசி முனையால் நெம்பிப் பார்த்தன. எதுவும் அசையவில்லை. பிறகு தலைப்பட்டையில் தைத்திருந்த கண்ணாடிக் குமிழை நிமிர்த்தின. உள்ளிருந்த பாதரசம் உருண்டு இரண்டு கம்பிகளைத் தொட்டது, பெட்டியோடு இணைத்திருந்த ரேடியோ பாடியது. சாய்த்ததும் நின்றது.

"கோளாறு இதுல இல்ல. அப்ப அந்த வீட்லதான் இருக்கு," என்றாள் விஜயகுமாரி.

சந்தேகப்படுவதுதான் அவள் வேலை. ஹைதராபாத்தில் ஓர் அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. செகந்திராபாத்தில் பிறந்து, பள்ளிப் படிப்போடு ஒயரிங் மேஜைக்கு வந்து, பிறர் செய்த பிழைகளைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவள். பெண் பார்க்க வந்த சிவஞானத்திடம் எந்த ரயில் ஷெட்டில் வேலை என்று கேட்டு, மறுநாளே அண்ணனை அங்கே அனுப்பிச் சரிபார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவர் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அது 1979. பேகம்பேட் பக்கம் குழந்தைகள் பயிற்சி மையத்தில் பிசியோதெரபிஸ்டாக இருந்த சாவித்ரி கேட்டதால் செய்த கருவி அது. பட்டையைக் கட்டிய குழந்தையின் தலை நிமிர்ந்தால் பாட்டு, தொங்கினால் மௌனம். ஏழு வயது வத்ஸலாவுக்குப் பிறந்ததிலிருந்தே கழுத்து நிற்கவில்லை. நின்றால்தான் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள்.

மையத்தில் நின்ற தலை வீட்டில் நிற்கவில்லை. அப்பா சக்ரபாணி பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "தினம் காலம்பற பாதியில நின்னுபோறது. குழந்தையை ஏன் படுத்தணும்?" மையத்தில் இருந்ததே அந்த ஒன்றுதான். அவர் வேண்டாமென்றால் வேறு குழந்தைக்குப் போய்விடும்.

விஜயகுமாரிக்கு அம்மா கல்பகத்தின் மேல் சந்தேகம். தலையில் கரெண்ட் பாயும் என்று பயந்தவள். பட்டையை வேண்டுமென்றே தளர்த்துகிறாளோ? மறுநாள் காலையில் பெட்டியோடும் சாவித்ரியோடும் அவர்கள் வீட்டுக்கே போனாள்.

"இறுக்கிக் கட்டுங்கம்மா. லூசா விட்டா எனக்குத் தெரிஞ்சுடும்."

"நான் ஏன் லூசா விடறேன்? எம்பொண்ணு நிமிர்ந்து ஒக்கார்றது நேக்கு வேண்டாமா?" என்றாள் கல்பகம்.

ஹிந்திப் பாட்டு ஓடியது. தலை நின்றது. சக்ரபாணி கடிகாரத்தைப் பார்த்து எழுந்து ரேடியோ முள்ளைத் திருப்பினார். கொரகொரப்புக்கு நடுவே தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் தவறாத வழக்கம். அப்போது யாரும் பேசக் கூடாது.

வத்ஸலாவின் தலை சாய்ந்தது. செய்தி அறுந்தது.

"பாத்தேளா? மெஷின் பழுது!"

விஜயகுமாரி பட்டையைத் தொட்டாள். இறுக்கமாகவே இருந்தது. முள்ளைப் பழைய இடத்துக்கே திருப்பி, "பாட்டு வச்சிட்டேன்டி," என்றாள். வத்ஸலா அவளை நம்பாமல் கண்ணை மட்டும் உயர்த்தினாள். பிறகு மெல்லத் தலையைத் தூக்கினாள். பாட்டு. மறுபடி செய்தி வைத்ததும் தலை விழுந்தது.

"செய்தி வேணாமா?"

"நக்...கோ," என்று ஹைதராபாத் ஹிந்தியில் வேண்டாமென இழுத்தாள் வத்ஸலா.

சக்ரபாணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இவளேவா அணைக்கறா?"

"தானா இறக்கறா, தானா தூக்கறா சார். இதுக்குத்தானே இவ்வளவு பாடு!" என்ற சாவித்ரி திரும்பினார். "விஜயா, செய்தி நேரத்துக்கு மட்டும் மாத்திப் போட முடியுமா? தொங்கினா செய்தி ஓடணும், நிமிர்ந்தா நிக்கணும்."

"அப்போ நான் செய்தி கேக்கறது?"

"பக்கத்தாத்துல போய்க் கேளுங்கோ," என்றாள் கல்பகம்.

அன்று இரவே தன் வீட்டில் பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு இருவழி சுவிட்ச் வைத்தாள் விஜயகுமாரி. தன் வேலையைத் தானே பாஸ் செய்யக் கூடாது என்பது அவள் பிரிவின் விதி. சிவஞானத்தின் தலையில் கட்டி, குனியவும் நிமிரவும் சொன்னாள்.

"மேல தள்ளினா பாட்டு, கீழ தள்ளினா செய்தி," என்று மறுநாள் கல்பகத்திடம் நீட்டினாள். கல்பகம் உடனே பெட்டியை வாங்கவில்லை. பட்டையை மட்டும் எடுத்துத் தன் தலையில் கட்டி, குனிந்து நிமிர்ந்து பார்த்தாள். விஜயகுமாரி பொறுமையாக நின்றாள். அதன் பிறகே கல்பகம் இரண்டு கைகளாலும் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.