தேய்ந்த முள்ளு

மூன்று வருடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் காட்டினார். அதை நிலம் என்று சொல்லவே வாய் கூசும். எங்கும் கல், கல்லுக்கு நடுவே இறுகிப்போன கொஞ்சம் மண். "மழைக்கு முன்னால கொத்தி முடிச்சிரணும். இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்திருவேன்" என்றார். லயத்தில் மற்றவர்கள் எல்லாரும் கிழங்கும் லீக்ஸும் போட்டிருந்தார்கள். எங்களுக்கு மட்டும் ஒரு மிளகாய்க் கன்று வைக்கக்கூட இடமில்லை. இந்த நிலத்தை விடுவதில்லை என்று என் மனைவி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

நான் கொழுந்தைத் தேயிலைத் தூளாக்கும் ஸ்டோரில் மெஷின் பக்கம் நிற்கிறவன். மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஆம்பிளை என்ற நினைப்பு இருந்ததே. அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கரப்பத்தனையில் பஸ் ஏறி அட்டனுக்குப் போனேன். கடையில் இருந்ததிலேயே அகலமான மண்வெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, லயம் முழுவதும் பார்க்கும்படி வந்து இறங்கினேன். மறுநாள் மூன்றாவது கொத்திலேயே அதன் வாய் மடிந்துவிட்டது. அந்தக் கிழமை முழுவதும் மல்லுக்கட்டியும் ஒரு பாய் விரிக்கிற அளவுதான் கொத்த முடிந்தது. உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

அவள் சிரிக்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கெழமை கடைக்கு நானும் வர்றேங்க" என்றாள்.

அவள் கொழுந்து பறிக்கிறவள். நான்கு இரும்புப் பல்லும் நீளப் பிடியும் உள்ள கருவியால் மண்ணைக் குத்திப் புரட்டுவதை எங்கள் பக்கம் முள்ளு குத்துவது என்போம். அது ஆண்கள் வேலை. பெண் அதைத் தொட்டால் புருஷனைத்தான் கேலி செய்வார்கள். கொழுந்து பறித்தபடியே பக்கத்து மலையில் அந்த வேலையை அவள் வருடக்கணக்காகக் கவனித்திருக்கிறாள் என்பது எனக்குக் கடையில்தான் தெரிந்தது.

கடைக்கார நானா பளபளவென்று புது முள்ளுகளை எடுத்து வைத்தார். அவள் நேரே மூலையில் கிடந்த பழைய சாமான்களிடம் போனாள். பல் தேய்ந்து ஒரு சாண் ஆகியிருந்த முள்ளு ஒன்றை எடுத்து, வாசற்கல்லில் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள்.

"அது தேஞ்சு போனது தங்கச்சி" என்றார் நானா.

"அதனாலதான் எடுக்குறேன் நானா. பல்லு நீளமா இருந்தா கல்லு இடுக்குல வளைஞ்சிரும். இது வளையாது."

அடுத்து கல் பெயர்க்கும் அலவாங்கு. நான் கனமான ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். "மொதத் தடவ எல்லாரும் தூக்குவாங்க. நூறாவது தடவையும் தூக்கணுமே" என்று சொல்லி, அதைவிட மெலிந்த ஒன்றை என் கையில் கொடுத்தாள். நானா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து முள்ளைக் கையில் எடுத்தபோதுதான் அதன் பிடி எனக்குக் கட்டை என்று தெரிந்தது. குனிந்தே குத்த வேண்டியிருந்தது. அவளிடம் கொடுத்தேன், சரியாக அவள் நெஞ்சளவுக்கு நின்றது. தானே குத்துவது என்று முடிவு செய்துதான் அதை எடுத்திருக்கிறாள்.

நான் அலவாங்கால் கல்லை அசைத்துப் பெயர்த்தேன். அவள் பின்னாலேயே முள்ளு குத்தி வந்தாள். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த பிறகு, தினமும். பார்த்தவர்கள் என்னைப் பேசாத பேச்சில்லை. அவளோ ஒரு குத்தைக்கூட வீணாக்கவில்லை. கல் இல்லாத இடம் பல்லுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, அப்படி இறங்கியது. அப்படி ஒரு வேலையை நான் ஸ்டோரில்கூடப் பார்த்ததில்லை.

மழைக்கு நாலு நாள் இருக்கும்போது, நாங்கள் குத்தி முடித்த அன்று, கண்டாக்கு ஐயா வந்தார். மண்ணை மிதித்துப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "முள்ளு குத்துனா இப்பிடிக் குத்தணும்" என்றார்.

தலையாட்டியிருந்தால் போதும். உண்மையைச் சொன்னால், முள்ளு பிடிக்காத ஆம்பிளைக்கு எதற்கு நிலம் என்று அவர் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முள்ளு குத்துனது அவதாங்கய்யா. நான் கல்லு மட்டும்தாங்க பேத்தேன்" என்றேன்.

ஐயா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "மேல இருக்குற துண்டும் கல்லுதாம்மா. அதையும் எடுத்துக்கிறியா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"எடுத்துக்கிறேங்கய்யா" என்றாள்.