சின்னையாவின் வெஸ்டா கல்

வானத்துக் கல்மேல் வைத்த ஆசைதான் என் புருஷன் சின்னையாவை சயாமுக்கு அனுப்பியது என்று தோட்டத்து லயத்தில் பேசுகிறார்கள். அந்த வாயில் மண் விழ! அனுப்பியவன் வீரசாமி கங்காணி.

குருண் பக்கத்துத் தோட்டத்தில் இவருக்குத் துரை பங்களாவில் வேலை. துரைக்கு வானம் பார்க்கிற பைத்தியம். அது இவருக்கும் ஒட்டிக்கொண்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றும் எத்தனையோ கற்களில் ஒன்று வெஸ்டாவாம். 1807இல் ஒரு ஜெர்மன் டாக்டர் கண்டுபிடித்தாராம். அகலம் குருணிலிருந்து சிங்கப்பூர் வரைகூட வராது, ஆனால் அந்தக் கூட்டத்தில் அதுதான் பளிச்சென்று தெரியும் என்பார். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு இந்தப் பேச்சு!

யுத்தம் வந்து துரை ஓடிப்போனதும் அவருடைய தூரக்கண்ணாடியை இவர் வைத்துக்கொண்டு ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்கு வந்தார். விடியுமுன் வெளியே போய், கல் எந்த நட்சத்திரத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று நேரம் போட்டு எழுதுவார். ஜப்பான்காரன் ஊர்க் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளினான். இவர் தம் கடிகாரத்தைத் தொடவில்லை.

"மாத்தி வைங்களேன்" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"நடுவுல மாத்துனா எழுதுனதெல்லாம் கெட்டுப்போவும், செல்லாயி. மனசுல கூட்டிக்கிறேன்."

1943 ஆவணியில் பத்து நாள் மழைக்குப் பிறகு மேகம் கலைந்தது. அன்று அந்த ஒன்றரை மணியைக் கூட்ட மறந்துவிட்டார். கடிகாரத்தில் நாலரை, இன்னும் நேரமிருக்கிறது என்று நின்றுவிட்டார். தோட்டத்தில் மணி ஆறு. காலைப் பெரட்டு வரிசையில் பெயர் கூப்பிட்டு முடித்தாயிற்று. வராதவனை ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு எழுது என்று உத்தரவு.

"அஞ்சு நிமிசம் குடு கங்காணி, ஓடிப்போயி கூட்டியாரேன்" என்று கெஞ்சினேன்.

"டைம்னா டைம்தான் லா. ஜப்பான்காரன் என் தலைய வெட்டுவான்."

"ஒன் மச்சானுந்தான் வரல. அவன் பேரு எங்க?"

நோட்டில் இவர் பெயரை மட்டும் எழுதினான், பாவி!

மறுநாள் லோரியில் ஏறும்போது இவர் சொன்னார்: "அந்தக் கல்லு சூரியன ஒரு சுத்து சுத்த மூணு வருசம் ஏழரை மாசம். அதுக்குள்ள வந்துருவேன், புள்ள."

அப்போதும் கல்! எனக்கு வந்த ஆத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கல் ஒரு சுற்றை முடிக்கும் 1947 சித்திரையும் வந்தது. சயாமிலிருந்து திரும்பி வந்த சிலருக்கும் இவரைப் பற்றித் தெரியவில்லை. ஜப்பான்காரன் போய்விட்டான், வீரசாமி மட்டும் அதே பெரட்டில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"செல்லாயி."

"மொதல்ல எம் புருசன் பேரக் கூப்புடு."

வரிசை முழுக்கத் திரும்பியது. அவன் நோட்டைப் பார்த்துக் குனிந்தான்.

"சின்னையான்னு கூப்புடுடா! இல்லைன்னு நான் சொல்றேன், நீ கேளு."